ஓலை, சிரட்டை, பழந்துணி: பொந்தியான் வீடுகளின் கைவேலை

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்குக் கரையில், மலாக்கா நீரிணையை ஒட்டிக் கிடக்கும் பொந்தியான் மாவட்டத்தில் வீட்டுக் கைவேலைக்கு வேண்டிய பொருள் முக்கால்வாசி வாசலிலேயே கிடைக்கிறது. பெனுட், ஆயர் பாலோய் பக்கம் கடலோரமாகத் தென்னை நிற்கிறது. உள்ளே தள்ளிப் போனால் செம்பனைத் தோட்டங்கள். பெக்கான் நனாஸ் வட்டாரத்தில், மற்றப் பயிர்கள் பிழைக்கத் தயங்கும் புளிப்பான கரிச்சதுப்பு மண்ணில், அன்னாசி செழித்து வளர்கிறது. அதற்கென்று அங்கே ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. இந்த மூன்று பயிர்களும் பழத்தையும் காயையும் கொடுத்ததுபோக மீதம் வைக்கிற ஓலை, மட்டை, சிரட்டை, நார், தோல் ஆகியவற்றிலிருந்துதான் இந்த மாவட்டத்துச் சிக்கனக் கைவேலைகள் பலவும் பிறக்கின்றன.

தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் கைவேலை பொழுதுபோக்காக இருந்ததில்லை. சம்பளம் அரிசிக்கும் பருப்புக்கும் சரியாகப் போய்விடும். விளக்குமாறு, அகப்பை, கால்மிதி, தொட்டிலுக்குக் கயிறு, தலையணைக்கு உறை எல்லாம் வீட்டிலேயே செய்தாக வேண்டும். மாவு வந்த துணிப்பை உறையாகும். மண்ணெண்ணெய் வந்த நான்கு காலன் தகரம் வாளியாகும். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் கப்பல் வரத்து நின்றபோது இந்த அறிவு உயிரோடு கலந்துவிட்டது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அன்னாசி நாரில் கயிறு திரித்தார்கள். அன்னாசி இலையையும் மூங்கிலையும் லாலாங் புல்லையும் கூழாக்கிக் காகிதம் செய்தார்கள்.

இன்றைக்கு நிலைமை வேறு. கைவேலைக்கென்றே பசைத் துப்பாக்கி, மணி, பட்டு நாடா, வண்ணத் தாள் என்று கடையில் வாங்கி வந்து செய்கிற பழக்கம் பரவியிருக்கிறது. அதில் தவறில்லை, ஆனால் அதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. செய்து முடித்த பொருளின் விலை பல சமயம் கடைப்பொருளின் விலையைத் தாண்டிவிடும். சிக்கனக் கைவேலை கையில் கிடக்கும் பொருளிலிருந்து தொடங்குகிறது. அந்தப் பொருள் எங்கே வளையும், எங்கே முறியும், எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

ஈர்க்கு விளக்குமாறு இதற்கு நல்ல சான்று. வளர்ந்த தென்னை மரம் ஏறக்குறைய மாதத்துக்கு ஓர் ஓலை விடும். ஒவ்வோர் ஓலையிலும் 200க்கு மேற்பட்ட கீற்றுகள் இருக்கும். செம்பனையில் இன்னும் தாராளம். குலை வெட்டும்போது அதைத் தாங்கி நிற்கும் மட்டையையும் சேர்த்து வெட்டியாக வேண்டும் என்பதால், ஒரு மரத்திலிருந்து ஆண்டுக்குச் சுமார் 24 மட்டைகள் கீழே விழுகின்றன. மலாயாவில் செம்பனை வணிகப் பயிராக வேரூன்றியது 1917இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். அன்று முதல் மட்டைக்குப் பஞ்சமில்லை. வெட்டிய மட்டைகளை மரவரிசைகளுக்கு இடையே பரப்பி மட்கவிடுவது தோட்ட வழக்கம். அது மண்ணுக்கு உரம் என்பதால், மொத்தமாக அள்ளிக்கொண்டு வராமல், தோட்டக்காரரிடம் கேட்டுத் தேவையானதை மட்டும் எடுப்பதே முறை.

பச்சையாக இருக்கும் முற்றிய ஓலைதான் வேண்டும். காய்ந்து பழுத்ததில் ஈர்க்கு உளுத்திருக்கும். மிக இளசில் ஈர்க்கு காய்ந்ததும் சுருங்கிக் கோணும். கீற்றை மட்டையிலிருந்து இழுத்துப் பிய்த்து, அடிப்பக்கத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, நடுநரம்பை ஒட்டிக் கத்தியை நுனி வரை ஒரே இழுப்பில் கொண்டுபோக வேண்டும். ஒரு பக்கத்து இலை நாடாபோல் உரிந்து வரும். திருப்பிப் பிடித்து மறுபக்கம். கத்தி நரம்புக்குள் இறங்கினால் ஈர்க்கு அந்த இடத்தில் மெலிந்து பின்னால் முறியும். விலகினால் இலைத் துணுக்கு ஒட்டிக்கொண்டு, பெருக்கும்போது உதிர்ந்து குப்பைக்கு மேல் குப்பை போடும். உரித்த ஈர்க்கை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்த பிறகே கட்ட வேண்டும். பச்சையாகக் கட்டினால் காயக் காய ஈர்க்கு மெலிந்து கட்டு தளர்ந்துவிடும்.

கட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு கை கொள்ளும் அளவு ஈர்க்கை அள்ளி, தடித்த முனையைச் சிமெண்டுத் தரையில் தட்டித் தட்டிச் சமன் செய்து, அந்த முனையிலிருந்து நான்கு விரல் மேலே கயிற்றால் இறுக்க வேண்டும். பிறகு தடித்த முனையின் நடுவில் கூர் சீவிய மரத்துண்டு ஒன்றை அடித்து இறக்கினால் ஈர்க்கெல்லாம் கயிற்றோடு நெருங்கிக் கல்போல் இறுகும். நாளாகித் தளர்ந்தால் அந்த ஆப்பை இன்னொரு தட்டு தட்டினால் போதும். சில ஈர்க்கு நன்றாக வளைந்து கொடுக்கும். சில ஈர்க்கு விறைப்பாக நிற்கும். ஆகவே புல்தரைக்கும் மணல் வாசலுக்கும் வளைவது, ஈரச் சிமெண்டுத் தரைக்கும் லோங்காங் என்ற வடிகாலைத் தேய்க்கவும் விறைப்பானது என்று பிரித்துக்கொள்ளலாம். தேய்ந்து குட்டையான விளக்குமாற்றையும் தூக்கி எறிய வேண்டாம். கட்டையான முனை பாசி சுரண்ட நல்லது. இந்தச் சாதாரண ஈர்க்குக்கு உலகச் சந்தையும் உண்டு. இந்தோனேசியாவிலிருந்து அது மூட்டை மூட்டையாக இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் கப்பலேறுகிறது.

அதே ஈர்க்கை மலாய்க் குடும்பங்கள் வட்டமாகப் பின்னி லேக்கார் என்ற பானைத் தாங்கி செய்வார்கள். தமிழ் வீட்டில் வைக்கோலைத் திரித்துச் செய்த புரிமணைக்கு அது நெருங்கிய உறவு. வைக்கோல் கிடைக்காத ஊரில் ஈர்க்குப் பின்னலைக் கற்றுக்கொள்வது எளிது. இரண்டு நாள் பழகினால் பழத்தட்டு வரை போகலாம்.

முற்றிய ஓலை விளக்குமாற்றுக்கு என்றால், குருத்தோலை திருவிழாவுக்கு. கல்யாணப் பந்தல், கோயில் திருவிழா, பொங்கல் எதுவானாலும் வெளிர்மஞ்சள் குருத்தோலைத் தோரணம் இல்லாமல் வாசல் நிறையாது. ஓலைக் கீற்றை மடித்து, ஓரத்தில் சிறு வெட்டுகள் போட்டு, நுனியை வளைத்துச் செருகினால் குருவி, கிளி, பாம்பு என்று உருவங்கள் வரும். பசையோ ஊசியோ வேண்டியதில்லை. ஓலையின் விறைப்பே மடிப்பைப் பிடித்து வைக்கிறது. ஆனால் மங்கல வீட்டுத் தோரணமும் துக்க வீட்டுத் தோரணமும் மடிப்பில் வேறுபடும். அந்த வேறுபாட்டைத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து பழகுவதே நல்லது. குருத்தை வெட்டும்போதும் கவனம் தேவை. தென்னைக்கு வளரும் மொட்டு ஒன்றே ஒன்றுதான். அது வெட்டுப்பட்டால் மரமே பட்டுப்போகும். விரியத் தொடங்கிய குருத்தின் வெளிக்கீற்றுகளை மட்டும் எடுப்பதும், சாய்ந்து விழுந்த மரத்தின் குருத்தைத் தேடிப் பிடிப்பதும் பழகியவர்கள் வழி. வெட்டியதை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மறுநாள் வரை துவளாது.

பொந்தியானில் ஜாவா, பூகிஸ் வழி வந்த மலாய்க் குடும்பங்கள் நிறைய. நோன்புப் பெருநாள் நெருங்கும்போது அவர்கள் இதே குருத்தோலையில் கெத்துப்பாட் கூடு பின்னுவார்கள். இரண்டு கீற்றுகளைக் கையில் சுற்றி, மேலும் கீழுமாக ஊடுருவவிட்டு இழுத்தால் சின்னச் சதுரப் பெட்டி உருவாகும். அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக அரிசி இட்டு மணிக்கணக்கில் வேகவைத்தால் அரிசி பொங்கித் தானே கட்டியாகும். தோரணம் மடித்துப் பழகிய கைக்கு இந்தப் பின்னல் கடினமில்லை. அக்கம்பக்கத்தில் உட்கார்ந்து கற்ற தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

தேங்காயின் சிரட்டையை வீணாக்குகிற வீடு இன்னமும் பல. தேங்காயைக் குறுக்கே உடைத்தால் கிடைக்கும் இரண்டு பாதிகளும் ஒரே வேலைக்கு உதவா. கண் உள்ள பாதியில் ஒரு கண் மென்மையானது. ஆணியால் லேசாகக் குத்தினாலே திறந்துகொள்ளும். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் வடியும் என்பதால் அது செடித் தொட்டிக்கு ஏற்றது. கண் இல்லாத பாதி அகப்பைக்கு. வெளிப்பக்க நாரைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு துளையிட்டு மூங்கில் காம்பைச் செருகினால் அகப்பை தயார். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவந்தால் சிரட்டை கருமையும் மினுமினுப்பும் கூடி வரும். கழுவியதும் வெயிலில் காயவைக்க வேண்டும்; ஈரத்தோடு மூடிய பெட்டியில் வைத்தால் பூசணம் பிடிக்கும். தேங்காய் மட்டையைத் துண்டு போட்டால் ஆர்க்கிட் வளர்க்க நல்ல ஊடகம். அதற்கு முன் சில நாள் நீரில் ஊறவைத்து, சாயநீர் இறங்குவது நிற்கும்வரை தண்ணீரை மாற்ற வேண்டும். இல்லையென்றால் அதிலுள்ள டானினும் உப்பும் வேரைக் கருக்கும்.

அன்னாசியில் இரண்டு வேலைகள். முதலாவது நார். அறுவடை முடிந்த செடியின் நீண்ட வெளி இலையைப் பலகைமேல் வைத்து, உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பாலோ மழுங்கிய கத்தியாலோ சுரண்டினால் பச்சைத்தோல் கழன்று பட்டுப்போன்ற வெள்ளை இழைகள் எழும்பும். அலசி நிழலில் உலர்த்தினால் நார். பிலிப்பைன்ஸில் இந்த நாரைக் கொண்டு நெய்யும் பிஞ்ஞா துணி உலகப் புகழ்பெற்றது. அங்குள்ள அக்லான் மாகாணத்துக் கைத்தறி நெசவை யுனெஸ்கோ 2023இல் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பச்சை இலையின் எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் நாராக மிஞ்சும் என்பதால் வீட்டில் துணி நெய்வது நடக்காத காரியம். பொட்டலம் கட்டும் கயிறு, பின்னல் கைப்பிடி, பிள்ளைகளின் பள்ளிக் கைவேலை ஆகியவற்றுக்குத் தாராளமாகப் போதும். பூக்கட்டுவதற்கு மட்டும் வாழைநாரை விட்டால் வேறில்லை.

இரண்டாவது தோல். மலேசிய வீடுகளில் ‘என்சைம்’ என்று பேர்பெற்ற புளித்த துப்புரவு நீருக்கு அன்னாசித்தோல் மிக விருப்பமான பொருள். ஒரு பங்கு கருஞ்சர்க்கரை, மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர். மூன்று மாதம் புளிக்கவிட வேண்டும். பிளாஸ்டிக் புட்டியில் கொஞ்சம் இடம் விட்டு ஊற்றி, முதல் மாதம் நாள்தோறும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றுவது கட்டாயம். கண்ணாடிப் புட்டி வெடிக்கக்கூடும். இந்த நீர் ஓசோன் படலத்தையே காக்கும் என்பது வரை சொல்லப்படுவதை நம்ப வேண்டியதில்லை. புளித்ததில் உண்டான காடி அமிலம் தரைக் கறையையும் கழிவறை உப்புப் படிவையும் இளக்குகிறது. வீட்டுக்கு அந்தப் பயனே போதுமானது.

பழந்துணியில் சிறந்தது கைலியும் வெளுத்துப்போன பருத்திப் புடவையும். மூன்று விரல் அகலத்தில் நாடாவாகக் கிழித்து, மூன்று நாடாவைச் சடைபோல் பின்னி, சுருட்டிச் சுருட்டி ஓரத்தைத் தைத்தால் கால்மிதி. இழுத்துத் தைத்தால் கிண்ணம்போல் குழிந்துவிடும்; தரையில் பரப்பி வைத்துத் தளர்வாகத் தைக்க வேண்டும். துணி பருத்தியா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலைக் கொளுத்திப் பார்க்கலாம்: பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகக் கட்டும். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது. குளியலறை வாசலுக்கு அது ஆகாது. பைக்கு ஆகும். கூடைக்கோ, கடைகளில் பெட்டி கட்டி வந்து குப்பையில் போடும் பிளாஸ்டிக் பட்டையே போதும். சிவன் கண், நெல்லிக்காய் என்று ஒயர் கூடையில் போடும் முடிச்சுகள் அகலப் பட்டைக்கு ஒத்துவராது. பாய்ப் பின்னலே பொருந்தும்.

கடைசியாக டின். கெட்டிப்பால் டின் ஒருகாலத்தில் காப்பிக்கடைக் குவளையாகவும் வீட்டு அரிசிப் படியாகவும் இருந்தது. நான்கு டின் ஒரு சுப்பாக் என்ற மலாய் முகத்தல் அளவு என்பது கிராமத்துக் கணக்கு. மைலோ டின், பிஸ்கட் டின் எல்லாம் இன்று பூந்தொட்டியாகின்றன. விளிம்பை இடுக்கியால் உள்பக்கம் மடித்துத் தட்டிய பிறகே பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியமானது அடித்துளை. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சுத்தமான தேங்குநீர் ஒரு கரண்டி இருந்தால் போதும். முட்டை ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் பறக்கும் கொசுவாகிவிடுகிறது. வீட்டில் கொசுப்புழு கண்டால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி அபராதமும் உண்டு. ஆணியும் சுத்தியலும் எடுத்து, டின்னைக் கவிழ்த்து, அடியில் நான்கு துளை போட்ட பிறகு மண்ணை நிரப்புங்கள். செடிக் கிண்ணமாக வைத்திருக்கும் சிரட்டைகளையும் அப்படியே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.