வேர் எழுப்பிய கருவறை

திருத்தணி மலையின் 365 படிகளையும் ‘அரோகரா’ என்ற முழக்கத்தோடு ஏறுகிறோம். ஆண்டின் நாளுக்கொரு படி என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டே ஏறுகிறோம். தணிகை வேலனைக் கும்பிட்டுத் திரும்பும் கண்களுக்கு, ஆந்திர எல்லையை நோக்கி விரியும் வயல்கள் வெறும் பச்சையாகவே தெரிகின்றன. அந்தப் பச்சையின் அடியில், வேர்க்கடலைச் செடியின் வேர்களில், கண்ணுக்கு எட்டாத ஓர் உயிர்க்குலம் ஓயாமல் திருப்பணி செய்துகொண்டிருப்பதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

ஈர மண்ணிலிருந்து ஒரு கடலைச் செடியை வேர் அறாமல் மெல்ல எடுத்துப் பாருங்கள். காயையே தேடிப் பழகிய நம் பார்வை, வேரை ஒட்டிக் கடுகளவில் உருண்டிருக்கும் முடிச்சுகளைக் கண்டும் காணாமல் போய்விடும். அவற்றில் ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு! நம் ரத்தத்துக்கு நிறம் தரும் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் பூசிய செம்மை அது. அந்தச் செம்மைக்குள்தான் ரைசோபியம் இனத்து நுண்ணுயிர்கள் கணக்கற்றுக் குடியிருக்கின்றன.

நாம் விடும் மூச்சிலும் வாங்கும் மூச்சிலும் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகக் கட்டுண்டிருப்பதால், கடலளவு காற்றில் மூழ்கி நிற்கும் செடியும் அதில் ஒரு துளியைக்கூட நேராக உண்ண முடியாது. உர ஆலையில் அந்தக் கட்டை அவிழ்க்க 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், வளிமண்டலத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தமும் வேண்டியிருக்கின்றன. நுண்ணுயிரோ, இரும்பும் மாலிப்டினமும் பொதிந்த நைட்ரஜனேஸ் என்ற நொதியைக் கொண்டு, மண்ணின் இயல்பான சூட்டிலேயே, ஓசையின்றி, புகையின்றி அதை அவிழ்த்துவிடுகிறது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆக்சிஜன் பட்டால் நைட்ரஜனேஸ் கெட்டுப்போகும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் நுண்ணுயிர் மூச்சுவிட முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு மூச்சுக்கு வேண்டிய அளவை மட்டும் வழங்குகிறது அந்த இளஞ்சிவப்புப் புரதம். கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு என்ற விளிம்பில் இப்படியொரு நிதானம்!

கிளைவேர் வெடித்து வெளிவரும் சிறு பிளவின் வழியே நுண்ணுயிர் உள்ளே நுழைகிறது. செடி அதை மெல்லிய சவ்வால் போர்த்தித் தனக்குள் நிலைநிறுத்திக்கொள்கிறது. குச்சி வடிவில் வந்தது கடலையின் வேருக்குள் உப்பி உருண்டையாகிறது. இலை வெயிலில் சமைத்த சர்க்கரையிலிருந்து அதற்கு உணவு இறங்குகிறது. அதன் உழைப்பில் விளைந்த அம்மோனியா செடிக்கு ஏறுகிறது. அதுவே பருப்பின் புரதமாகி, வேகவைத்த கடலையாய் நம் கைக்கு வந்து சேர்கிறது.

நுண்ணுயிரை ஓரிடத்தில் நிறுத்தி வேலை வாங்கும் இந்த வித்தையை மனிதன் அண்மையில்தான் பயின்றான். ஜப்பானின் தனாபே மருந்து நிறுவனத்தில் இச்சிரோ சிபாட்டாவும் அவருடைய குழுவினரும் 1973-இல் ஈ.கோலை நுண்ணுயிரைக் கூழ்மத்துக்குள் பொதித்து, அஸ்பார்டிக் அமிலத்தைத் தொழில்முறையில் தயாரித்துக் காட்டினார்கள். இன்று நம் கல்லூரி ஆய்வகங்களிலும் அந்தக் காட்சியைக் காணலாம். மன்னார் வளைகுடாவில் வளரும் பழுப்புப் பாசிகளிலும் உள்ள ஆல்ஜினேட்டோடு நுண்ணுயிரைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். விழுந்த துளிகள் வெந்த ஜவ்வரிசியாய்த் திரள்கின்றன. உள்ளே உயிர் அடங்கியிருக்கிறது. உணவு உள்ளே போகிறது, விளைபொருள் வெளியே வருகிறது. மணிகளை வடிகட்டி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். எவ்வளவு நுட்பமான சாதனை! ஆனாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வேர் நடத்திவரும் பள்ளியில் நாம் நேற்றுச் சேர்ந்த மாணவர்களே.

அந்தப் பள்ளி நமக்குச் சொல்லும் பாடம் எளியது. ஓர் உயிரை அடக்கி வைப்பதால் மட்டும் அது பயன் தருவதில்லை. அதற்கு உணவும், மூச்சும், காவலும் தந்து நிலைநிறுத்தும்போதுதான் தருகிறது. வேர் வாங்கும் முன் கொடுக்கிறது. நாமோ கொடுப்பதிலும் அளவு தவறுகிறோம். நைட்ரஜன் என்ற தழைச்சத்தை உரமாக மிஞ்சி இட்டால் செடி நுண்ணுயிரின் துணையை நாடுவதில்லை, முடிச்சுகள் குறைந்துபோகின்றன. ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய கஞ்சியில் கலந்து, விதை மேல் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்கும் உழவரின் கைகள் இந்த உறவை மதிக்கத் தெரிந்த கைகள். கண்ணுக்குத் தெரிகிற பெரியவற்றை வணங்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; தெரியாத சிறியவற்றுக்கு இடம்விட்டு வாழ்வதும் வழிபாடுதான்.