பொன்வாயிலில் விரித்த வலை

பாலம் என்றால் அதன்மேல் ஏறிக் கடப்பதே நம் வழக்கம். அதன் அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்பது மீனவருக்கும் படகோட்டிக்குமே தெரியும். 2025-ஆம் ஆண்டு மே திங்களில் அந்த வாய்ப்பு எங்களுக்கும் கிட்டியது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ மாநகரிலிருந்து அலாஸ்காவுக்குச் செல்லும் பயணக் கப்பலொன்றில், உலகப் புகழ் பெற்ற கோல்டன் கேட் பாலத்தின் அடியில் நாங்கள் சென்றோம். நாட்காட்டிகளிலும் திரைப்படங்களிலும் எத்தனையோ முறை பார்த்த பாலந்தான். ஆயினும் எந்தப் படத்திலும் நாங்கள் கவனித்திராத ஒன்றை அன்று அடியிலிருந்து கண்டோம். அதை நம் குடும்பங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பெயர் வந்த வரலாறு

சான் பிரான்சிஸ்கோ என்பது நம் அன்புக்குரிய அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் பெயர். 1776-ஆம் ஆண்டில் அவருடைய சபைத் துறவியர் இங்கே ஓர் ஆலயம் நிறுவி அவர் பெயரை இட்டனர். அதற்கு முந்திய ஆண்டாகிய 1775-இல்தான் ஐரோப்பியர் கப்பல் ஒன்று முதன்முதலாக இவ்விரிகுடாவினுள் நுழைந்தது. 'சான் கார்லோஸ்' என்னும் அந்த ஸ்பானியக் கப்பலுக்கு முன்னர், இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மாலுமிகள் இக்கரையோரமாகப் போய்வந்திருக்கின்றனர். ஆனால் இந்த வாயில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. குன்றுகளுக்கு இடையே ஒரு மைல் அளவே அகன்ற நீரிணை இது. கோடைக்காலத்தில் கடற்பனி எழுந்து திரைபோல் இதை மூடிவிடும்.

1846-இல் ஜான் ஃபிரேமாண்ட் என்னும் அமெரிக்கப் படை அதிகாரி இந்நீரிணைக்குப் 'பொன்வாயில்' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது 1848-இல். பொன் கிடைப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பொன்வாயில் என்று பெயர் அமைந்துவிட்டது. பாலத்துக்கும் அதுவே பெயராயிற்று.

மேல்தளத்தில் நின்றபோது

மாலை நான்கு மணி அளவில் கப்பல் துறையை விட்டு நகர்ந்தது. பயணிகள் அனைவரும் மேல்தளத்தில் கூடிவிட்டனர். ஒரு காலத்தில் சிறைச்சாலையாக இருந்த அல்கட்ராஸ் தீவைக் கடந்ததும், செம்மஞ்சள் நிறத்தில் பாலம் முழுமையாகத் தெரிந்தது. கோபுரங்கள் இரண்டும் நீர்மட்டத்திலிருந்து 227 மீட்டர் உயரம். அவற்றுக்கு இடைப்பட்ட தூரம் 1,280 மீட்டர். 1937-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது முதல் 1964 வரை உலகில் இதனினும் நீண்ட இடைவெளி கொண்ட தொங்கு பாலம் வேறு இல்லை. சாலையின் பாரம் முழுவதையும் தாங்குபவை இரண்டு பெரும் வடங்கள். ஒவ்வொரு வடத்திலும் 27,572 கம்பிகள் உள்ளன. இரு வடங்களின் கம்பிகளையும் ஒன்றோடொன்று முடிந்து நீட்டினால் உலகை மூன்று முறை சுற்றிவிடலாம்.

கப்பல் நெருங்க நெருங்க எங்களுக்கு அச்சம் தோன்றியது. புகைபோக்கி பாலத்தில் இடித்துவிடும் என்றே கண்ணுக்குப் பட்டது. அருகிலிருந்த சிறுவன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான்! உண்மையில் பாலத்தின் அடிக்கும் கடல் உயர்நீர் மட்டத்துக்கும் இடையே 67 மீட்டர் இடைவெளி உண்டு. கீழிருந்து சாய்வாகப் பார்க்கும்போது, அருகில் நிற்கும் புகைபோக்கியும் அதற்கு மேலே தொலைவில் இருக்கும் பாலமும் ஒரே கோட்டில் தெரிகின்றன. நேர் கீழே வந்த பின்னரே எவ்வளவு இடம் இருக்கிறது என்பது புலனாகிறது.

பாலத்தின் நிழல் எங்கள் மேல் விழுந்தது. மேலே ஊர்திகள் ஓடும் ஓசை கேட்டது. அண்ணாந்து பார்த்தோம். அப்பொழுதுதான் அது தெரிந்தது. நடைபாதையின் கீழே, பாலத்தின் இரு ஓரங்களிலும், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சாம்பல் நிற வலையொன்று கடலின் மேல் நீட்டிக் கட்டப்பட்டிருந்தது.

எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற முதிய தம்பதியர் மட்டும் எடுக்கவில்லை. பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். அவருடைய மனைவி வலையை உற்றுப் பார்த்தவாறு, "போட்டுவிட்டார்கள்" என்று மெல்லிய குரலில் சொன்னார். சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். கப்பல் பாலத்தைத் தாண்டியது. அவர்கள் யாரை இழந்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

முதல் வலை

இப்பாலத்தில் கட்டப்பட்ட இரண்டாவது வலை அது. முதல் வலையின் வரலாற்றையும் அறிதல் நன்று.

பாலவேலை 1933-ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கியது. அமெரிக்காவில் கொடிய வேலையின்மை நிலவிய காலம் அது. ஒருவன் விழுந்தால் அவன் இடத்துக்கு வரப் பலர் காத்திருந்தனர். பெரிய பாலம் கட்டுகையில், பத்து இலட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர் போகும் என்பது அந்நாளைய கட்டுமானத் தொழிலில் வழங்கிவந்த கணக்கு. இப்பாலத்தின் செலவோ மூன்றரைக் கோடி டாலர். அந்தக் கணக்கின்படி முப்பத்தைந்து பேர் சாக வேண்டும்! தொழிலாளரின் உயிரைச் சிமெண்டு, இரும்புபோல் செலவுப் பட்டியலில் எழுதிவைத்த காலம் அது.

தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் அக்கணக்கை ஏற்கவில்லை. தொழிலாளர் அனைவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று கட்டளையிட்டார். 1,30,000 டாலருக்கு மேல் செலவிட்டு, கயிற்றால் பின்னிய பெரிய வலையைப் பாலத்தளத்தின் கீழே கட்டச் செய்தார். பாலத்தின் அகலத்தைவிட ஒவ்வொரு பக்கமும் பத்து அடி அதிகமாக அது நீண்டிருந்தது. தவறி விழுந்த பத்தொன்பது பேரை அவ்வலை தாங்கிக்கொண்டது. அவர்கள் தங்களை 'நரகத்துக்குப் பாதி வழி போய்வந்தோர் சங்கம்' என்று வேடிக்கையாக அழைத்துக்கொண்டனர். கீழே வலை இருக்கிறது என்ற துணிவினால் மற்றவர்களுடைய கைகளும் விரைந்து வேலை செய்தன.

வலை எல்லாரையும் காத்தது என்று சொல்வதற்கில்லை. 1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், பல டன் எடையுள்ள சாரம் ஒன்று பெயர்ந்து வலையைக் கிழித்துக்கொண்டு கடலில் வீழ்ந்தது. அதனோடு வீழ்ந்த பன்னிருவரில் பதின்மர் மாண்டனர். அதற்கு முன் இறந்த ஒருவரையும் சேர்த்துப் பாலப்பணியில் உயிர் நீத்தவர் பதினொருவர். அப்பதினொரு இல்லங்களின் துயரம் சிறியதன்று. எனினும் முப்பத்தைந்து என்று போட்ட கணக்கு பொய்த்துப்போயிற்று. ஒரு மனிதர் அதை விதி என்று ஏற்க மறுத்தார் என்பதே காரணம்.

இரண்டாம் வலை

1937 மே 27-ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. கட்டுமானம் முடிந்ததும் வலை அகற்றப்பட்டது. ஆபத்து நீங்கிவிட்டதாகவே எண்ணினர். ஆனால் அதே ஆண்டு முதல் வேறொரு துயரம் தொடங்கியது. வாழ்வில் நம்பிக்கை இழந்தோர் தம் உயிரை முடித்துக்கொள்ள இப்பாலத்தை நாடினர். காலப்போக்கில் அப்படி மறைந்தோர் தொகை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆயிற்று.

தடுப்பு வேண்டும் என்று கேட்டவர்களுக்குப் பல ஆண்டுகளாக மூன்று மறுமொழிகள் கிடைத்தன. பாலத்தின் அழகு கெடும் என்றனர். செலவு மிகுதி என்றனர். இங்கே தடுத்தால் அவர்கள் வேறிடம் தேடிச் செல்வார்கள் என்றனர். மூன்றாம் மறுமொழிதான் மிகக் கொடியது. சாக எண்ணியவரைக் காக்கவே இயலாது என்று கைகழுவிவிடும் பேச்சு அது.

அப்பேச்சு உண்மையா என்று ரிச்சர்ட் சைடன் என்னும் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆராய்ந்தார். 1937 முதல் 1971 வரை இப்பாலத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பின்னர் என்ன ஆனார்கள் என்று தேடினார். 1978-இல் அவர் வெளியிட்ட முடிவு பலரை வியக்கவைத்தது. அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் உயிருடன் இருந்தனர், அல்லது இயல்பான முறையில் இறந்திருந்தனர். மரணத்தை நாடச் செய்த அந்த எண்ணம் ஒரு வேளையின் புயல். அந்த வேளையில் யாரோ ஒருவர் கையைப் பிடித்தால் போதும், வாழ்வு மீண்டும் துளிர்க்கிறது.

பிள்ளைகளை இழந்த பெற்றோர் பலர் சோர்ந்துவிடவில்லை. கூட்டந்தோறும் சென்று பேசினர். மறைந்தோரின் புகைப்படங்களைக் காட்டினர். 2008-இல் பாலத்தின் ஆட்சிக் குழு வலை அமைக்க இசைந்தது. 2018-இல் பணி தொடங்கியது. 2024 சனவரியில், 22 கோடி டாலருக்கு மேல் செலவில், துருப்பிடிக்காத எஃகு வலை முற்றுப்பெற்றது. நடைபாதைக்கு இருபது அடி கீழே, இருபது அடி அகலத்துக்கு அது நீண்டிருக்கிறது. முன்னர் ஆண்டுக்குச் சராசரியாக முப்பது பேர் மறைந்த இடத்தில், 2024-இல் அத்தொகை எட்டாகக் குறைந்தது. முதல் வலை கழன்று எண்பத்தேழு ஆண்டுகள் கழித்து இரண்டாம் வலை முடிந்தது. இடைப்பட்ட காலம் எவ்வளவு நீண்டது என்பதை எண்ணினால் நெஞ்சம் கனக்கிறது.

அழகு கெட்டதா? நாங்கள் கண்ணால் கண்டோம். கெடவில்லை. தொலைவிலிருந்து பார்ப்போருக்கு வலை இருப்பதே தெரியாது. அடியில் செல்பவருக்கே அது தெரிகிறது.

நம் இல்லங்களில்

வலை என்றதும் நம் மனத்தில் மீனும் படகும் தோன்றும், பேதுருவும் அந்திரேயாவும் தோன்றுவர். அல்லது வேடன் விரிக்கும் கண்ணி தோன்றும். வலை பிடிப்பதற்கே உரியது என்று பழகிவிட்டோம். வீழ்பவரைத் தாங்குவதற்கும் வலை உண்டு என்று அப்பாலம் எங்களுக்குக் கற்பித்தது.

நம் குடும்பங்களில் அந்த வலை இருக்கிறதா? தேர்வில் தவறிய மகன் வீடு திரும்பும்போது முதலில் கேட்கும் சொல் எது? கடனில் மூழ்கிய தந்தை, மணவாழ்வில் காயமுற்ற மகள், தனிமையில் வாடும் பாட்டியார் ஆகியோர் வாய் திறந்து தம் துயரைச் சொல்ல நம் வீட்டில் இடமுண்டா? "இதற்கெல்லாம் அழலாமா?" என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோமா? ஊரார் என்ன சொல்வார்கள் என்ற அச்சம் நம் இல்லங்களிலிருந்து எத்தனையோ வலைகளை அவிழ்த்துவிட்டது. பரிகாசம் செய்யாமல் கேட்பதும், இரவில் உடன் விழித்திருப்பதும், மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் நம்மால் இயலாதவையா? நம் நாட்டில் 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்தால், மனத்துயருற்றோருக்குத் தமிழிலும் உதவி கிடைக்கும். அவ்வெண்ணைக் குறித்துவைப்பதற்கு யாரும் நாணவேண்டியதில்லை.

ஏற்கெனவே ஒருவரை இப்படி இழந்த குடும்பங்களும் நம் பங்குகளில் உண்டு. அவர்கள் ஆலயத்தின் கடைசி இருக்கையில் அமர்ந்து, எவரையும் பாராமல் எழுந்து செல்வதை நாம் கண்டிருக்கிறோம். தம் உயிரை மாய்த்துக்கொண்டோருக்கு அடக்கச் சடங்கை மறுத்த பழைய விதி 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் இல்லை. திருச்சபை அவர்களை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்துச் செபிக்கிறது. திருச்சபை கதவைத் திறந்துவைத்திருக்க, நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வது எவ்வகையில் முறை? திருப்பலி முடிந்ததும் அவர்கள் அருகில் சென்று, மறைந்தவரின் பெயரைச் சொல்லி நலம் விசாரிப்போம். அப்பெயரைப் பிறர் வாயால் கேட்க அவர்கள் நெடுநாளாகக் காத்திருக்கலாம்.

பத்து நாட்கள் கழித்து விடியற்காலையில் எங்கள் கப்பல் திரும்பிவந்தது. கடற்பனி அடர்ந்து கிடந்தது. பாலம் தெரியவில்லை, கோபுரம் தெரியவில்லை. கப்பல்களுக்கு வழி காட்ட, பாலத்தின் நடுவிலிருந்தும் தென்கோபுரத்தின் அடியிலிருந்தும் ஒலிக்கும் ஊதுகொம்புகள் மட்டும் மாறி மாறிக் கேட்டன. முதிய தம்பதியர் அன்றும் மேல்தளத்துக்கு வந்திருந்தனர். எதுவும் தெரியாத வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றனர். வலை அங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.