பைக்கை வெளிநாட்டில் விட்டுவிட்டு ஊருக்கு வரலாமா?

பைக்கிலேயே நாடு நாடாகப் போகிறவர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். ஆனால் ஒரு வருடம் சேர்ந்தாற்போல் விடுப்பு யாருக்குக் கிடைக்கிறது? அதனால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு விமானத்தில் ஊருக்கு வருகிறார்கள். அடுத்த விடுப்பில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். தென் அமெரிக்காவில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை படகோனியாவில் கடும் குளிர்காலம், சாலையெல்லாம் பனி. இப்படி நிறுத்தி வைப்பது பற்றி அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு, அந்தக் கண்டத்தை முக்கிய உதாரணமாக வைத்து விளக்கம் தருகிறோம்.

நம்பிக்கையான ஒரு ஷெட் கிடைத்தால் போதாதா?

போதாது. ஷெட் தேடுவது எளிது. கவனம் வேண்டியது சுங்கத் தாளில். எல்லையில் உங்கள் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுவது போல, வண்டிக்குத் தனியாகத் தற்காலிக இறக்குமதி அனுமதி எழுதுகிறார்கள். அதில் பாஸ்போர்ட் எண், பதிவெண், இன்ஜின் எண், சேஸிஸ் எண், வண்டி வெளியேற வேண்டிய கடைசித் தேதி எல்லாம் இருக்கும். நீங்கள் ஊருக்கு வந்துவிட்டாலும் அந்த நாள் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். தேதி தாண்டினால் அபராதம். சில இடங்களில் வண்டியே பறிமுதல். கவுன்ட்டரை விட்டு நகருமுன் சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ விழுந்திருந்தால் அங்கேயே திருத்திவிடலாம். அதுவே வெளியேறும் நாளில் தெரியவந்தால் பெரும்பாடு.

எந்த நாட்டில் எவ்வளவு காலம் தருகிறார்கள்?

சுற்றுலாப் பயணியின் வண்டிக்கு சிலி 90 நாள், அர்ஜென்டினா 8 மாதம், உருகுவே 12 மாதம் தருகின்றன. இதனால்தான் நெடும்பயணிகள் பலரும் வண்டி நிறுத்த உருகுவேயைத் தேடிப் போகிறார்கள். புவெனஸ் ஐரெஸில் படகில் வண்டியை ஏற்றினால், ஆற்றைக் கடந்து கொலோனியாவில் இறங்கிவிடலாம். அங்கிருந்து சிறிது தூரத்தில், சுவிஸ் குடியேறிகள் உருவாக்கிய நுவேவா எல்வேசியா வட்டாரத்தில், பயணிகளின் வண்டிகளை மாதக் கணக்கில் பார்த்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. சுங்கத்தில் தாள் தராமல் கையசைத்து அனுப்பினாலும் கேட்டு வாங்குங்கள். பின்னால் உங்களுக்கு இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில், வெளியிலிருந்து வரும் பயணியின் வண்டிக்கு 6 மாதம்.

எல்லை தாண்டித் திரும்பினால் புதிய அனுமதி கிடைக்குமே?

சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கடைசி நாளை நம்பாதீர்கள். மென்டோசாவையும் சான்டியாகோவையும் இணைக்கும் லாஸ் லிபர்டடோரெஸ் கணவாய் 3,000 மீட்டருக்கும் மேல் இருக்கிறது. குளிர்காலத்தில் பனி கொட்டினால் நாள்கணக்கில் மூடிவிடுவார்கள். குறைந்தது இரண்டு வாரமாவது கையிருப்பு வைத்துத் திட்டமிடுங்கள்.

கார்னே (வண்டிக்கான சுங்க உத்தரவாதப் புத்தகம்) ஒரு வருடம் செல்லுமே, அதுவரை வண்டி அங்கேயே இருக்கலாமா?

இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. தென் அமெரிக்காவுக்கு கார்னே தேவையில்லை. பாகிஸ்தான், ஈரான் வழியாகப் போகிறவர்களுக்குத் தேவை. நம் நாட்டில் மும்பையிலுள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் இதை வழங்குகிறது. ஒரு வருடம் என்பது அந்தப் புத்தகத்தின் ஆயுள். ஒரு நாட்டுக்குள் வண்டி எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அந்த நாட்டுச் சுங்கமே தீர்மானிக்கும். வெளியேறும்போது முத்திரை விழாத கார்னேயைக் காட்டி அந்த நாடு வரி கேட்டால், நீங்கள் கட்டிய பிணைத்தொகைக்கு ஆபத்து. வண்டி திருடு போனாலும் பொறுப்பு தானாக நீங்கிவிடாது. உடனே போலீஸில் புகார் கொடுத்து, அதன் நகலோடு சுங்கத்துக்கும் தெரிவித்தாக வேண்டும்.

வண்டி இல்லாமல் ஆள் மட்டும் வெளியேற விடுவார்களா?

உருகுவேயில் தடையில்லை. துருக்கியில் கண்டிப்பு அதிகம். வண்டியை விட்டுவிட்டுப் போவதானால் முதலில் சுங்க அலுவலகத்துக்குப் போக வேண்டும். கோஸ்டா ரிகாவில் சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கில் ஒப்படைத்தால், மீதியுள்ள நாட்களை நிறுத்தி வைத்துத் தருகிறார்கள். வாடகை கொடுத்தாலும் நிம்மதியான வழி.

அங்குள்ள நண்பர் வண்டியை அவ்வப்போது ஓட்டலாமா?

கூடவே கூடாது. அனுமதி உங்கள் பெயரில் இருக்கிறது. உள்ளூர்வாசி வெளிநாட்டு நம்பர் பிளேட்டோடு ஓட்டிப் பிடிபட்டால் வண்டி போய்விடும். உதவி செய்தவருக்கும் வழக்கு. வண்டியைப் பார்த்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். கிலோமீட்டர் மீட்டர், கீறல்கள் எல்லாவற்றையும் படமெடுத்து, யார் பொறுப்பு, தீயோ திருட்டோ நேர்ந்தால் என்ன என்பதை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது நட்புக்கும் நல்லது.

நிறுத்துமுன் வண்டிக்கு என்ன செய்ய வேண்டும்?

பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றுங்கள். பழைய ஆயிலின் அமிலம் உள்பாகங்களை அரிக்கும். இரும்பு டேங்க் என்றால் விளிம்பு வரை பெட்ரோல் நிரப்புங்கள். காலி இடம் இருந்தால் ஈரம் படிந்து துரு ஏறும். பிரேசில் பெட்ரோலில் கால் பங்குக்கும் மேல் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். அங்கு நிரப்பியதை அப்படியே மாதக்கணக்கில் விடாமல், பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தைக் கலந்து, அது இன்ஜின் வரை போகும்படி சற்று ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கார்புரேட்டர் வண்டியானால் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும். பேட்டரியில் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். சென்டர் ஸ்டாண்டின் கீழே பலகை, சைலன்சர் வாயில் துணி, மேலே காற்றுப் போகும் உறை. பண்ணைக் கொட்டகை என்றால் எலி ஏர் ஃபில்டருக்குள் கூடு கட்டும். திரும்பியதும் ஸ்டார்ட் செய்யுமுன் திறந்து பாருங்கள்.

எந்தக் காகிதங்களைக் கையோடு கொண்டுவருவது?

ஆர்.சி., சுங்கத் தாள் இரண்டின் அசலும் உங்களிடம், நகல் ஷெட்காரரிடம். நம் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒரு வருடம்தான் செல்லும். ஊரில் இருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள். ஆர்.சி.யின் 15 வருடக் கெடு நடுவில் முடிகிறதா என்றும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் விசா. ஒருமுறை நுழைவு விசாவில் போனவர் வண்டியை எடுக்கத் திரும்ப மறுபடி விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். வண்டியின் கெடு அதற்காகக் காத்திருக்காது. ஆகவே முதல் தடவையே பலமுறை நுழையும் விசா கேளுங்கள்.