மேற்கை முறிவும் மணிக்கட்டில் மறையும் நாடித்துடிப்பும்

மரத்திலிருந்தோ துவிச்சக்கர வண்டியிலிருந்தோ விழும் சிறுவர் கையை ஊன்றும்போது, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது 5 முதல் 7 வயதில் மிகுதி. விலகிய எலும்புமுனை, கைக்குக் குருதி கொண்டு செல்லும் புயநாடியை நெரிக்கவும் கிழிக்கவும் கூடும் என்பது, வீக்கத்தை மட்டும் காணும் பெற்றோருக்குத் தெரிவதில்லை.

குருதி பெறாத தசை ஏறத்தாழ 6 மணி நேரத்தில் மீளாச் சேதமடையத் தொடங்குகிறது. ஆதலால் மணிக்கட்டில் துடிப்பின்மை, விரல்கள் வெளிறிக் குளிர்தல், மரத்துப்போதல், விரலை நிமிர்த்தும்போது தாங்கமுடியாத வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அது அவசர நிலையே. முழங்கையைச் சுற்றியுள்ள சிறு நாடிகள் குருதியைக் கடத்துவதால், துடிப்பு இல்லாத கையும் சிவந்து இளஞ்சூடாக இருக்கலாம். அந்தத் தோற்றத்தை நம்பி வீட்டில் காத்திருப்பதே மிகவும் ஆபத்தானது. முன்கையினுள் அழுத்தம் ஏறித் தசை இறந்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும் கோளாறை ஜெர்மானியச் சத்திரசிகிச்சை நிபுணர் ஃபோல்க்மான் 1881இல் விவரித்தபோது, இறுக்கமான கட்டையும் காரணமாகக் காட்டினார். முறிவு நெறிவு வைத்தியத்துக்கு ஊரில் உள்ள மதிப்பு இயல்பானதே. எனினும் துடிப்பைப் பாராது பத்துப் போட்டு, மட்டை வைத்து இறுக்கிக் கட்டுவது, பிள்ளையின் கையையே பறிக்கக்கூடும்.

கையை இழுக்காமலும் உருவாமலும், இருந்த நிலையிலேயே தளர்வாகத் தாங்கி, இலங்கையில் 1990 என்ற இலக்கத்தில் இலவச சுவசெரிய நோயாளர் வண்டியை அழைத்து, மூதூர்ப் பகுதியினர் மூதூர்த் தள வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். எலும்பைப் பொருத்திக் கம்பிகளால் நிலைப்படுத்தியதும் பெரும்பாலும் துடிப்பு திரும்பும். கை வெளிறியே இருந்தால் நாடியைத் திறந்து பார்த்து, தேவையானால் காலிலிருந்து எடுத்த நாளத்தால் ஒட்டுப் போடுவர். முன்கை இறுகியிருந்தால் தசையுறையைப் பிளந்து அழுத்தத்தைத் தணிப்பர். இவற்றுக்கான நிபுணர் இல்லாத இடத்திலிருந்து உடனே மேல்நிலை வைத்தியசாலைக்கு மாற்றுமாறு பெற்றோர் தயங்காது கேட்கலாம்.

நாடித்துடிப்பு இருந்ததா, எந்த நேரத்தில் பார்க்கப்பட்டது என்பது பதிவேட்டில் எழுதப்படுவது சிகிச்சைக்கும், பின்னர் நீதி கோருவதற்கும் அடிப்படையாகும். தமிழும் அரச கரும மொழியாதலால் விளக்கத்தைத் தமிழில் பெறும் உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், நோயாளியின் எழுத்துமூலச் சம்மதத்துடன் மருத்துவப் பதிவுகளைக் கோரலாம். அரச வைத்தியசாலையில் பாரபட்சம் நேர்ந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். கவனயீனத்தால் விளைந்த சேதத்துக்கு நட்டஈடு கோரும் வழக்கை, பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தொடர வேண்டும்.