ஒன்று மடியில், இன்னொன்று கட்டிலுக்கு அடியில்: பூனைகளின் குணம் ஏன் மாறுபடுகிறது?

ஒரே வீட்டில் 2 பூனைகள். விருந்தாளி வந்தால் ஒன்று மடியில் ஏறி உட்காரும்; இன்னொன்று கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். ‘இதுக்கு ரொம்பத் திமிரு’ என்போம். பெரும்பாலும் அது திமிர் அல்ல, பயம்.

தெற்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வீடுகளில் வளரும் 2,802 பூனைகளைப் பற்றி 2017-ல் வெளியான ஆய்வு, பூனைக் குணத்தை 5 கூறுகளாகப் பிரித்தது: பயந்த சுபாவம், துறுதுறுப்பு, அடாவடி, அவசர புத்தி, சிநேகம். எல்லாப் பூனையிடமும் ஐந்தும் உண்டு, அளவுதான் வேறு.

என்ன காரணம்?

பிறந்த 2 முதல் 7 வாரங்களுக்குள் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி சுலபமாகப் பழகும். அப்பா பூனையின் துணிச்சலும் குட்டிக்கு வரும்.

என்ன செய்யலாம்?

பொதட்டூர்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் தறிச் சத்தத்தோடுதான் வாழ்க்கை. பயந்த பூனைக்குச் சத்தம் குறைந்த மூலையில் ஓர் அட்டைப்பெட்டி வையுங்க. இழுத்து வெளியே எடுக்காதீங்க. துறுதுறு பூனைக்குத் தினமும் விளையாட்டு வேணும். அடாவடி பூனைக்குத் தனித் தட்டு.

முக்கியமா ஒன்று: மடியிலேயே கிடந்த பூனை திடீரென ஒளிய ஆரம்பித்தால், அதைக் குணம் என்று விட்டுடாதீங்க. வலியாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க.