மரக்கானா: ஒரு இருக்கைக்கு எத்தனை மாதச் சம்பளம்?

1950 ஜூலை 16. கால்பந்து உலகக் கோப்பையை முடிவு செய்யும் ஆட்டத்தில் உருகுவே 2-1 எனப் பிரேசிலை வீழ்த்தியது. அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் டிக்கெட் வாங்கி நுழைந்தவர்கள் 1,73,850 பேர். உள்ளே இருந்த மொத்தக் கூட்டம் 1,99,854 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்போது ரியோவின் மக்கள்தொகை சுமார் 24 லட்சம். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் அந்த அரங்கில் இருந்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

இன்று அதே அரங்கில் 78,838 பேர் அமரலாம். அன்று இருந்த கூட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு.

பழைய குதிரைப் பந்தய மைதானம் ஒன்றில் 1948 ஆகஸ்ட் 2 அன்று வேலை தொடங்கியது. 1950 ஜூன் 16 அன்று, அதாவது 683 நாட்களில், முதல் ஆட்டம் நடந்துவிட்டது. முதலில் 1,500 தொழிலாளர்கள். கடைசி மாதங்களில் இன்னும் 2,000 பேரைச் சேர்த்தார்கள். அப்படியும் கட்டடம் முழுமை பெற்றது 1965இல்தான். அரங்கம் இங்கேதான் எழ வேண்டும் என்று விடாமல் எழுதிய பத்திரிகையாளர் மாரியோ ஃபில்யோ 1966இல் இறந்தபின் அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

பெருங்கூட்டத்தின் ரகசியம் 'ஜெரால்'. ஆடுகளத்தைச் சுற்றித் தாழ்வாக ஓடிய, இருக்கையே இல்லாத நின்று பார்க்கும் பகுதி அது. அங்கிருந்து ஆட்டம் சரியாகத் தெரியாது. மழை பெய்தால் நனைய வேண்டும். ஆனால் கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டிய டிக்கெட் அது. 1963இல் ரியோவின் கால்பந்துக் கழகங்களான ஃபிளமெங்கோவும் ஃபுளுமினென்சியும் மோதிய ஆட்டத்துக்கு 1,94,603 பேர் திரண்டதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

அந்தக் கூட்டத்தில் ஆபத்தும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. 1992 ஜூலை 19 அன்று மேல்தளத் தடுப்புவேலி உடைந்து ரசிகர்கள் கீழே விழுந்தார்கள், மூவர் இறந்தனர். இருக்கை போட்டே ஆக வேண்டும் என்ற வாதத்துக்கு அதற்குமேல் சான்று வேண்டியதில்லை. 2005இல் ஜெரால் மூடப்பட்டது. பாதுகாப்புக்காக இடம் குறைந்தது நியாயம். டிக்கெட் விலை ஏழைக்கு எட்டாமல் போனதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

2014 உலகக் கோப்பைக்காக 2010இல் அரங்கம் மூடப்பட்டது. மதிப்பீடு 70.5 கோடி ரியால் (பிரேசில் நாணயம்). பழைய கான்கிரீட் கூரை அரித்துப் போயிருந்ததால் அதை இடித்து, இருக்கைகளில் 95 சதவீதத்தை மூடும் சவ்வுக் கூரை போட்டார்கள். உள்தளங்களையும் தகர்த்துப் புதிதாக எழுப்பினார்கள். 2013 ஜூனில் திறந்தபோது செலவு சுமார் 120 கோடி. மதிப்பீட்டைவிட 49.5 கோடி கூடுதல், அதாவது 70 சதவீதம். இந்த ஒப்பந்தத்தில் லஞ்சம் கைமாறியதாகப் பின்னர் ரியோ மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் மீது வழக்கும் வந்தது.

120 கோடியை 78,838ஆல் வகுத்தால் இருக்கைக்குச் சுமார் 15,220 ரியால். 2013இல் பிரேசிலின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 678 ரியால். ஒரு நாற்காலிக்கு ஒரு தொழிலாளியின் இருபத்திரண்டு மாதச் சம்பளம்! என்னை உறுத்தும் எண் இதுதான். பணம் பொதுப் பணம். அந்த நாற்காலியில் அமர வேண்டியவரும் அந்தத் தொழிலாளிதான்.

2016இல் ரியோ ஒலிம்பிக் முடிந்தது. அரங்கை யார் பராமரிப்பது என்று பொறுப்பில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். 2017 ஜனவரியில் சுமார் 30 லட்சம் ரியால் கட்டணப் பாக்கிக்காக மின்சாரம் துண்டிக்கப்பட்டது. புல் காய்ந்தது, இருக்கைகள் பிடுங்கப்பட்டன. 120 கோடி கொட்டிய இடத்தில் 30 லட்சம் கட்ட ஆளில்லை.

2024இல் ஃபிளமெங்கோவும் ஃபுளுமினென்சியும் சேர்ந்து 20 ஆண்டுக் குத்தகைக்கு அரங்கை எடுத்தன. பராமரிப்பு கழகங்களின் பொறுப்பு என்பதால் மாநிலத்துக்கு அந்தச் சுமை குறையும். குத்தகைத் தொகை ஆண்டுக்குச் சுமார் 2 கோடி ரியால்; இருபது ஆண்டுகளுக்கு 40 கோடி. மதிப்பீட்டைத் தாண்டிச் செலவான 49.5 கோடியைக்கூட அது ஈடுகட்டாது.