முதலில் நிற்கட்டும், பிறகு பறக்கட்டும்

பெல்மதுளையிலிருந்து பலாங்கொடை வழியாக அப்புத்தளையை நோக்கி ஏறும் பெருவீதியில் புது ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிப் பார்த்த இளைஞர், எஞ்சினின் சக்தியைப் பெருக்கும் உபாயங்களைத் தேடப் புறப்படுவது சகஜமேயாயினும், வளைவுகள் மலிந்த இப்பிரதேசத்தில் முதற்செலவுக்குரியவை டயரும் பிரேக்குமே என்பது என் அபிப்பிராயம். டொட் 4 தரத்துப் பிரேக் எண்ணெய், புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது தாங்கினும், காற்றின் ஈரத்தை உறிஞ்சியபின் 155 பாகையளவிலேயே கொதிக்கத் தலைப்படலாமாதலால், நீண்ட இறக்கத்தில் ஆவிக்குமிழிகள் தோன்றி, மிதி வெறுமனே அமிழுமேயன்றி வண்டி நிற்காது. இரைச்சலிடும் புகைக்குழாயோ, பெரும்பாலும் அயலாரின் நித்திரையைக் கெடுக்கவே பயன்படும்! நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியில் ஓடும் கனவு இருப்பினும், அன்பரே, பிரேக் எண்ணெயை முதலில் மாற்றுங்கள்.